வைரஸுக்குப் பீஸ் பிடுங்கியவர்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் நாலு தகரத்தையும் ஒரு பழைய வெல்டிங் மெஷினையும் வைத்துத் தொழில் தொடங்கியவன் நான். படிப்பு ஐந்தாவது, அதுவும் முழுசாக இல்லை. இன்றைக்கு முப்பது பேர் வேலை செய்கிற ஷெட், இரண்டு லேத், ஒரு பிரஸ், முழங்கால் தண்ணீர் நின்ற இடத்தில் லாரி வந்து திரும்புகிற கான்கிரீட் தரை, திருநின்றவூரில் மாடி வீடு. எல்லாம் நான் கட்டியது. இது ஒரு மழைக்குத் தாங்காது என்று சொன்னவர்கள் இன்றும் மழை வந்தால் என் ஷெட்டில்தான் ஒதுங்குகிறார்கள்.

இத்தனையும் கட்டியவன் ஒரே ஒரு ஆளைப் பற்றி மட்டும் வாயை அடக்கித்தான் பேச வேண்டியிருக்கிறது. இந்தப் பேட்டையில் கரண்ட்டுக்குப் பயப்படாத எலக்ட்ரீஷியன்கள் நூறு பேர் இருப்பார்கள். கரண்ட்டே பார்த்துப் பயந்த எலக்ட்ரீஷியன் ஒருவர்தான். அவர் எங்கள் பீஸ்கட்டை.

அவருக்கு அப்பா வைத்த பெயர் ஒன்று உண்டு. அது ஆதார் அட்டையோடு சரி. மெயின் போர்டில் பீஸ் கம்பியோடு செருகியிருக்கும் பீங்கான் பிடிக்குத்தான் பீஸ்கட்டை என்று பெயர். அதைப் பிடுங்கிவிட்டால் அந்த லைன் செத்துவிடும். எந்த மெஷின் லேசாக முனகினாலும் நம் ஆள் முதலில் அதைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். பிறகு ‘கை வைக்காதே, ஆள் வேலையில்’ என்று எழுதிய சிவப்புப் பலகையை மாட்டுவார். மாட்டியவன்தான் கழற்ற வேண்டும். கலெக்டரே வந்தாலும் வேறு யாரும் தொடக் கூடாது. முன்பு வேலை பார்த்த இடத்தில் இவர் கை உள்ளே இருக்கும்போது எவனோ சுவிட்சைப் போட்டுவிட்டான். இடது கையில் இரண்டு விரல்கள் பாதிதான். அதனால் அந்தச் சட்டத்தை எதிர்த்து யாரும் பேசுவதில்லை.

ஆனால் சட்டம் எங்களைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை. ஒருநாள் வெல்டிங் பக்கத்துப் பீஸ்கட்டையைப் பையில் போட்டபடியே ரயிலேறி ஆரம்பாக்கத்துக்குப் போய்விட்டார். வீட்டில் சட்டையைக் கழற்றும்போதுதான் ஞாபகம் வந்ததாம். அடுத்த ரயில் பிடித்து அவர் திரும்பி வரும்வரை ஆறு வெல்டர்கள் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். சொந்த மகள் கல்யாணத்தில் சீரியல் பல்பு ஒயர் சூடாக இருக்கிறதென்று மண்டபத்துப் பீஸையே பிடுங்கினார். மைக்செட் செத்து, மேளக்காரர்கள் திகைத்து நிற்க, மாப்பிள்ளை பரீட்சை எழுதுகிறவர் மாதிரி நிசப்தத்தில் தாலி கட்டினார்.

“ஏன்யா, ஒரு அஞ்சு நிமிசம் பொறுக்கக் கூடாதா?” என்றேன்.

“தாலி கட்ட கரண்ட்டு இன்னாத்துக்கு மொதலாளி?” என்றார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஐந்தாறு வருடம் இருக்கும். ஒரு பெரிய கம்பெனி கன்வேயர் சட்டங்களுக்குக் கொட்டேஷன் கேட்டிருந்தது. அன்று மாலை நாலு மணிக்குள் மெயிலில் போக வேண்டும். கிடைத்தால் இரண்டாவது ஷிப்ட் ஓடும். கிடைக்காவிட்டால் அந்த ஷிப்டில் இருந்த பன்னிரண்டு பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். ஆபீஸைப் பார்த்துக்கொள்ளும் ஜெயந்தி மூன்று நாள் உட்கார்ந்து தயார் செய்து கம்ப்யூட்டரில் வைத்திருந்தார்.

அவர் சாப்பிடப் போன நேரத்தில் நான் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, அனுப்ப நல்ல நேரம் எது என்று தேடினேன். ஒன்றரையிலிருந்து மூன்றரை என்று வந்தது. திருப்தியாக நிமிர்ந்தேன். திரை முழுக்கச் சிவப்பாகி, ஆம்புலன்ஸ் மாதிரி ஊளையிட ஆரம்பித்தது. ஒரு பொம்பளைக் குரல் இங்கிலீஷில் எச்சரித்தது. வைரஸ் என்ற சொல் எனக்குப் புரிந்தது. கீழே ஒரு போன் நம்பர் இருந்தது. எண் படிக்க ஐந்தாவது போதும். போட்டேன்.

மறுமுனையில் ஒருவன் மிக மரியாதையாகப் பேசினான். இங்கிலீஷ் எடுபடாததால் இந்திக்கு மாறினான். இந்தியில் எனக்குத் ‘தூக்கு’, ‘இறக்கு’, ‘சாப்பிட்டாயா’ மூன்றும் நன்றாக வரும். அதற்குள் ஜெயந்தி ஓடிவந்து போனை ஸ்பீக்கரில் போட்டார். கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணவே கூடாது, பண்ணினால் எல்லாம் அழிந்துவிடும், நான் சொல்வதை டைப் பண்ணினால் இங்கிருந்தே உள்ளே வந்து சரி செய்கிறேன் என்றான்.

“சார், கொட்டேஷன் இதுலதான் இருக்கு. பேங்க் பாஸ்வேர்டும் இதுலதான் இருக்கு,” என்றார் ஜெயந்தி.

“அவன் சொல்றதப் போடும்மா,” என்றேன்.

அவர் பாதி எழுத்து அடித்திருப்பார். பிரஸ்ஸில்தான் அலாரம் அடிக்கிறது என்று நினைத்துப் பீஸ்கட்டை ஓடிவந்தார். திரையைப் பார்த்தார். போனைப் பார்த்தார்.

“இன்னாவாம்?”

“வைரஸ்யா. ஆஃப் பண்ணக் கூடாதாம்.”

தோல் உரிந்த ஒயரைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார். “மொதலாளி, இத்தினி வருசமா மிஷின் பாத்துக்கினு கீறேன். அலாரம் அடிச்சா ஆஃப் பண்ணுன்னுதான் எழுதியிருப்பான். ஆஃப் பண்ணாத, எனக்கு போன் பண்ணுன்னு எந்த மிஷினாவது சொல்லிக்கீதா?”

பதிலுக்கு நிற்கவில்லை. போய் மெயினை இறக்கி மூன்று பீஸ்கட்டைகளையும் பிடுங்கினார். லேத், பிரஸ், ஃபேன் எல்லாம் ஒரே மூச்சில் நின்றன. கம்ப்யூட்டர் மட்டும் நிற்கவில்லை. மேஜைக்கு அடியில் யூபிஎஸ் பேட்டரி இருப்பதை மறந்துவிட்டார். ஊளைச் சத்தத்தோடு யூபிஎஸ்ஸின் கீச்சுக் குரலும் சேர்ந்துகொண்டது. கரண்ட் அவர் பேச்சைக் கேட்காமல் போனதை அன்றுதான் பார்த்தேன். பை கனக்கத் திரும்பி வந்தவர் குனிந்து யூபிஎஸ்ஸையும் அணைத்தார். போனை வாங்கி, “நைனா, இங்க ஆள் வேலையில கீறாரு. அப்புறமா பேசு,” என்று சொல்லிக் கட் பண்ணினார்.

உடனே சிவப்புப் பலகை வந்தது. கம்ப்யூட்டரில் மாட்ட இடமில்லை. மேலே சுவரில் நான்தான் ஆணி அடித்தேன். பலகை திரையை மறைத்துக்கொண்டு தொங்கியது. மணி இரண்டரை.

“அண்ணே, நாலு மணிக்குள்ள அனுப்பணும்ணே,” என்று ஜெயந்தி அழவே ஆரம்பித்துவிட்டார்.

“அழுவாதம்மா. லைன் டிரிப்பாயிடுச்சு, அவ்ளோதான். ஒவ்வொண்ணா போடுவோம்.”

பீஸ்களைச் செருகினார். நெட் ஒயரைப் பிடுங்கி ஓரமாக வைத்தார். பலகையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு கம்ப்யூட்டரைப் போடச் சொன்னார். பிரவுசரைத் திறந்ததும், முன்பு திறந்திருந்த பக்கங்களை மறுபடி திறக்கட்டுமா என்று கேட்டது. ஜெயந்தியின் விரல் ஆமாம் பக்கம் போனது.

“வேணாம்மா. டிரிப்பான லைன இன்னா ஏதுன்னு பாக்காம அப்டியே போடுவியா?”

அவர் வேண்டாம் என்று அழுத்தினார். சிவப்பு வரவில்லை. கொட்டேஷன் வைத்த இடத்திலேயே பத்திரமாக இருந்தது. நெட் ஒயரை மறுபடி செருகினோம். திரையின் மூலையில் சின்னதாக ஒரு பெட்டி எட்டிப் பார்த்தது. ஐந்து வைரஸ், உடனே அழுத்து.

“பாத்தியா, உள்ள பூந்துடுச்சு,” என்றேன்.

“உள்ள ஒண்ணும் இல்ல. வெளியேர்ந்து சப்ளை வருது. ஏம்மா, இதுக்கு பீஸ் எங்க கீது?”

ஜெயந்திக்குச் சட்டென்று பிடிபட்டது. பிரவுசரின் செட்டிங்ஸில் போய், அறிவிப்பு அனுப்ப எந்தெந்தத் தளத்துக்கு அனுமதி கொடுத்திருக்கிறோம் என்ற பட்டியலைத் திறந்தார். ஒரே ஒரு பெயர் இருந்தது. நல்ல நேரம் சொன்ன தளம்.

“இதுக்கு யாரு கனெக்சன் குடுத்தது?” என்று பீஸ்கட்டை கேட்டார்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். அந்தத் தளம் திறந்ததும் ஏதோ அனுமதி கேட்டது உண்மை. கேட்டு வந்தவனை வாசலில் நிறுத்திவைக்கிற பழக்கம் எனக்கில்லை. அழுத்தினேன்.

அவர் சிரிக்கவில்லை. கோபம் வந்தால் என்னை மொதலாளி என்று கூப்பிட மாட்டார். “நைனா, ஊட்டாண்ட வர்றவனுக்கெல்லாம் சோறு போடு, வேணான்னு சொல்லல. கரண்ட்டு மட்டும் குடுக்காத.”

ஜெயந்தி அந்தப் பெயரை நீக்கினார். பெட்டி நின்றது. மூன்று ஐம்பதுக்குக் கொட்டேஷன் போனது. தளம் சொன்ன நல்ல நேரம் அதற்கு இருபது நிமிடம் முன்பே முடிந்திருந்தது. ஆர்டர் வந்தது. அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை.

ஆனால் பலகையைக் கழற்ற அவர் சம்மதிக்கவில்லை. திரை தெரியும்படி கயிற்றைச் சுருக்கி மேலே ஏற்றினார், அவ்வளவுதான்.

“வேலைதான் முடிஞ்சிடுச்சே?”

“ஃபால்ட்டு இன்னும் சரியாவல. உன் கை இங்கதான கீது?”

இரண்டு வருடத்துக்கு முன் வேலையை விட்டு வேப்பம்பட்டில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். கடைசி நாளில் சட்டைப்பையைக் கவிழ்த்துக் காட்டினார், ஒரு பீஸ்கட்டையும் இல்லை என்று. பலகையை மட்டும் தொடாமல் போனார். கம்ப்யூட்டர் மாறிவிட்டது. சுவருக்குப் பெயிண்ட் அடித்தபோது பலகையை விட்டுச் சுற்றித்தான் அடிக்கச் சொன்னேன். இப்போது என் செல்போனில் அந்தச் சிவப்பு வந்தால், ஜெயந்தியின் போனை வாங்கி வேப்பம்பட்டுக்கு அடிக்கிறேன். அவர் வேறெதுவும் கேட்பதில்லை. “கைய எட்த்துட்டியா நைனா?” என்பார். எடுத்துவிட்டேன் என்பேன். பிறகு அரை மணி நேரம் வேறு கதை பேசுவோம்.

மாட்டியவர்தான் கழற்ற வேண்டும். அவர் வருகிறவரை அது தொங்கட்டும். ஷெட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் பலகையைப் பார்த்துப் பீஸ்கட்டை, பீஸ்கட்டை என்று அவரையே புகழ்கிறார்கள். புகழட்டும். அந்த ஆணியை அடித்தது நான். அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.