திரைக்குப் பின்னால் யாருமில்லை

இந்தக் காலத்து ஜனங்களுக்கு நன்றி என்பதே கிடையாது. உலகத்திலேயே மிகத் தூய்மையான ஆட்சி தங்கள் தலைக்கு மேல் நடந்துகொண்டிருக்க, பேருந்து நிறுத்தத்திலும் முடிவெட்டும் கடையிலும் உட்கார்ந்து, "எல்லாம் மகன் வெச்சதுதான் சட்டம்" என்று வாய் கூசாமல் பேசுகிறார்கள். தன் மகனுக்கு அரசியலில் துளியும் நாட்டமில்லை என்று தேசத் தலைவரே பதினோரு முறை மேடையில் சொல்லிவிட்டார். பதினோராவது முறை சொன்னது மகன் திறந்துவைத்த துறைமுகத்தில், மகன் 'பேசலாம்' என்று தலையசைத்த பிறகு. இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

அத்தாட்சியை நம்பாத கிழவர் ஒருவர் இருந்தார். திரைச்சீலை தைப்பவர். தெருவில் அவருக்கு 'இஞ்சு டேப்' என்று பெயர். கடைக்காரன் ஐந்து மீட்டர் என்று துணி கொடுத்தால், அங்கேயே பிரித்து அளந்துவிட்டுத்தான் நகர்வார். டாக்டர் ரத்தக்கொதிப்பு இருக்கிறது என்றால், "உங்க மெஷினை எப்ப கடைசியா ரிப்பேர் பார்த்தீங்க?" என்பார்.

அவருடைய தெரு முழுவதற்கும் இடிப்பு நோட்டீஸ் வந்திருந்தது. முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. கடையில் இரண்டு தையல் மெஷின். ஒன்றை அவர் மிதித்தார், மற்றதைப் புருஷனைப் பறிகொடுத்த மகள் மிதித்தாள். இடித்துவிட்டால் மிதிப்பதற்கு மண்தான்.

அந்த நேரம் பார்த்துத் தலைவர் மாளிகையிலிருந்து ஆள் வந்தது. அமைச்சரவைக் கூடத்துத் திரை தரையில் புரள்கிறதாம், மூன்று விரற்கடை குறைக்க வேண்டுமாம். மகள் ஒரு மனு எழுதி அவர் சட்டைப்பையில் செருகினாள்.

"அப்பா, மனுவைக் குடுத்துட்டு வாங்க. வாயைக் குடுத்துட்டு வராதீங்க."

மாளிகை மேலாளர் அவரைக் கூடத்துக்கு அழைத்துப் போனார். "பெரியவரே, திரையைக் கழட்டக் கூடாது. தொங்கறபடியே தைக்கணும்."

"கழட்டாம எப்படி சார்? கையாலதான் தைக்கணும். அரை நாள் போயிடும்."

"போகட்டும். போன வருஷம் துவைக்கறதுக்குக் கழட்டினோம். நாலு நாள் அரசாங்கம் ஓடலை."

கிழவர் திரையை விலக்கிப் பார்த்தார். ஜன்னல் இல்லை. வெறும் சுவரும், அதில் ஒரு சின்னக் கதவும். இடுக்கில் ஒரு மெத்தை நாற்காலி, கால் நீட்ட ஒரு முக்காலி, போன் சார்ஜர், பாதி தின்ற சிப்ஸ் பொட்டலம்.

"இது யாருக்கு?"

"யாருக்கும் இல்லை."

"யாருமில்லாதவர் நல்லாத் தின்னிருக்காரே!"

மேலாளர் பொறுமையாக விளக்கினார். "சின்னவருக்கு எந்தப் பதவியும் கிடையாது. பதவி இல்லாதவர் அமைச்சரவைக் கூட்டத்துல உட்காரக் கூடாது. அதனால உட்காரலை. சட்டம் இங்கே அவ்வளவு கறார்."

கிழவர் துணியைத் தடவிப் பார்த்தார். தரையிலிருந்து நாற்பது அங்குலத்தில் உள்ளங்கை அகலத்துக்கு உள்துணி நைந்து, எண்ணெய்ப் பிசுக்கேறிக் கிடந்தது.

"இந்த இடத்தை யாரோ உட்கார்ந்துகிட்டே பிடிச்சு இழுத்திருக்காங்க சார். வருஷக்கணக்கா. துணி பொய் சொல்லாது."

"துணிக்கு ஓட்டுரிமை இல்லை பெரியவரே. தையுங்க."

பாதி மடித்துத் தைத்திருப்பார். மேலாளர் வியர்த்து விறுவிறுக்க ஓடிவந்தார். "கூட்டத்தை முன்னாடியே வெச்சுட்டாங்க. வெளிய வராதீங்க, மூச்சு விடாதீங்க. முடிஞ்சதும், பையில வெச்சிருக்கீங்களே அந்த மனுவைத் தலைவர் கையிலேயே குடுக்க வைக்கறேன்."

"அப்ப இந்த நாற்காலிக்காரர்?"

"இன்னும் எழுந்திருக்கலை."

"வரலைன்னு அவங்ககிட்ட சொல்லிட வேண்டியதுதானே?"

"எப்படிச் சொல்றது? அவர் வர்றதே அவங்களுக்குத் 'தெரியாதே'!"

கூட்டம் தொடங்கியது. பன்னிரண்டு அமைச்சர்கள், நடுவில் தலைவர். செயலாளர் முதல் விஷயத்தை வாசித்தார். வடக்கே ஒரு பாலம் கட்டலாமா? அறிவார்ந்த மௌனம் நிலவியது. பன்னிரண்டு பேரும் திரையைப் பார்த்தார்கள். தலைவரும் பார்த்தார். பின்னால் முழங்காலிட்டிருந்த கிழவர், தையலை இறுக்க நூலை ஒரு இழு இழுத்தார். திரை அசைந்தது.

"ஒப்புதல்!" என்றார் தலைவர். மேசைகள் தட்டப்பட்டன.

இரண்டாவது விஷயம், கல்வி அமைச்சர் கொண்டுவந்த புதிய பள்ளிக்கூடங்கள். நூல் சிக்கிக்கொள்ள, கிழவர் இரண்டு தரம் வெடுக்கென்று இழுத்தார்.

"நிராகரிக்கப்பட்டது!" என்று தலைவர் சொல்லி முடிக்கும் முன்பே, கல்வி அமைச்சர் எழுந்து, தன் திட்டம் எவ்வளவு கெட்டது என்று உருக்கமாக எடுத்துரைத்து நன்றி கூறினார்.

ஒரு இழுப்பு ஆமாம், இரண்டு இழுப்பு இல்லை. பள்ளிக்கூடம் அதிகம் போகாத கிழவருக்கே புரிந்துவிட்டது.

"மூன்றாவது விஷயம்," என்றார் செயலாளர். "தையற்காரர் தெருவை அப்புறப்படுத்தி, சின்னவரின் சிநேகிதருக்கு... மன்னிக்கவும், ஒரு தனியார் நிறுவனத்துக்கு, கார் நிறுத்தும் இடமாக வழங்குவது."

கிழவர் ஊசியை உதட்டில் கவ்விக்கொண்டார். நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார். பிசுக்கேறிய அந்த இடத்தையே பிடித்தார். தேசத்தின் தலையெழுத்து முதல்முறையாக அளவெடுக்கத் தெரிந்த ஒரு கையில் இருந்தது. இழுத்தார், ஒன்று.

"ஒப்புதல்!"

இரண்டு இழுப்பதற்குள் மேசைகள் அதிர்ந்துவிட்டன. சின்னவர் மனதில் இருப்பது எல்லோருக்கும் முன்பே தெரியும், பிறகு எதற்கு இரண்டாவது இழுப்புக்குக் காத்திருப்பது? அது வந்தபோது, செயலாளர் அதை 'மகிழ்ச்சி' என்று குறித்துக்கொண்டார்.

கிழவர் திரையைக் கிழிக்காத குறையாக வெளியே வந்தார். "யோவ்! நான்தான்யா இழுத்தேன்! வேணாம்னு ரெண்டு தடவை இழுத்தேன்!"

தலைவர் முகம் சுளிக்கவில்லை. பெருந்தன்மை அது. "பெரியவரே, எங்கிருந்து வர்றீங்க?"

"திரைக்குப் பின்னாடி இருந்து."

"அங்கே யாரும் இருக்கறதில்லையே."

"இன்னைக்கு நான் இருந்தேன். செல்லாதுன்னு சொல்லுங்க."

சட்ட அமைச்சர் எழுந்தார். அந்த நாட்டின் சட்ட அறிவுக்குப் பொற்பதக்கம் கொடுத்தாலும் தகும். "இவர் இழுத்ததால முடிவு செல்லாதுன்னா, வேற யாரோ இழுத்தாத்தான் செல்லும்னு ஆயிடும். அப்படி ஒருத்தர் இல்லை. ஆகவே திரையை யாருமே இழுக்கலை. ஆகவே முடிவு நாம எடுத்தது. ஏகமனதா!"

கூடம் அதிர்ந்தது. தாங்களே ஒரு முடிவெடுத்துவிட்டோம் என்று அறிந்ததும் இரண்டு அமைச்சர்களுக்குக் கண் கலங்கிவிட்டது.

"என் மக எங்கேங்க போவா?" என்றார் கிழவர். மனுவை நீட்டினார். தலைவர் இரண்டு கையாலும் வாங்கி, முழுவதும் படித்து, பழக்கதோஷத்தில் திரையைப் பார்த்தார். திரை அசையவில்லை.

"பரிசீலிக்கறேன்," என்றார்.

வெளித்தாழ்வாரத்தில் மேலாளர் ஒரு தாளோடு ஓடிவந்தார். "ஒரு சின்னச் சம்பிரதாயம். 'திரைக்குப் பின்னால் யாருமில்லை' அப்படின்னு எழுதியிருக்கு. நீங்க பார்த்ததும் அதுதானே? பொய் ஒண்ணும் இல்லை. ஒரு கையெழுத்துப் போட்டுட்டீங்கன்னா மனு சீக்கிரம் நகரும்."

கிழவர் தாளை வாங்கி, எழுத்துக் கூட்டிப் படித்தார். திருப்பிக் கொடுத்தார்.

"தப்பா எழுதியிருக்கீங்க. பின்னாடி நான் இருந்தேன். நாளைக்கு அவன் இருப்பான். இந்த நாட்டுல திரைக்கு முன்னாடிதான் சார் யாருமில்லை. அப்படி எழுதிக் கொண்டாங்க, பத்து விரலையும் மையில உருட்டித் தர்றேன்."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று படியிறங்கினார்.

"கோவிச்சுக்காதீங்க பெரியவரே!" மேலாளர் பின்னாலிருந்து கத்தினார். "தலைவர் வாக்குக் கொடுத்துட்டார்ல? சொந்தமா யோசிச்சு நல்ல முடிவா எடுப்பார், நம்புங்க! சின்னவர் எழுந்ததும் கேட்டுச் சொல்றேன்!"

கிழவர் திரும்பிப் பார்க்கவில்லை.