மூன்று மூட்டை வித்தியாசம்

மதிப்புக்கும் பயத்துக்கும் ஒருசேர உரிய மைத்துனர் ஹாஜி துர்க்கி அவர்களின் சமூகத்துக்கு, உங்கள் தங்கை வத்ஃபாவின் கணவன் (இதை எழுதும் நேரம் வரை) ஃபாலிஹ் எழுதிக்கொள்வது.

அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் அருளால் இங்கே நானும் பதினாறு ஆடுகளும் ஒன்பது கோழிகளும் நலம். நவம்பரில் கோழிகள் பதினான்கு இருந்தன. அதைப் பற்றி வத்ஃபாவிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்றும், உங்கள் கோபமும் அதோடு சேர்ந்து கொஞ்சம் குறைந்திருக்கும் என்றும் நம்புகிறேன்.

போனில் சொல்ல வேண்டியதைக் கடிதமாக எழுதுவதற்கு மன்னிக்கவும். நவம்பரிலிருந்து முப்பத்தொரு தடவை அழைத்தேன். ஒரே ஒரு தடவை எடுத்தீர்கள். "பார்லி அறுத்தாச்சா?" என்றீர்கள். இல்லை என்றேன். வைத்துவிட்டீர்கள். இப்போது அறுத்தாயிற்று. ஆகவே வெள்ளை பார்லி, கறுப்பு பார்லி இரண்டின் விளைச்சல், செலவு முதலிய விவரங்களை இதன்மூலம் தங்கள் பார்வைக்குச் சமர்ப்பிக்கிறேன். இராணுவ ஸ்டோரில் இருபத்திரண்டு வருடம் சார்ஜெண்டாக இருந்தவன் நான். ஒரு போர்வை, ஒரு ஜோடி பூட்ஸ் என் கணக்கில் குறைந்தது கிடையாது.

முதலில் நடந்ததை என் வாயாலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் வத்ஃபா சொல்லித்தான் கேட்டிருப்பீர்கள், அவள் சொன்னதும் உண்மையாகத்தான் இருக்கும், அது வேறு விஷயம். விதைப்புக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து ஏழெட்டுப் பேர் என் வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். கடைக்காரன் கொடுத்த புது வெள்ளை பார்லி விதையைக் கையில் அள்ளிக் காட்டி, இந்த வருஷம் நாற்பது டூனம் நிலத்திலும் இதுதான் என்று நான் பெருமை பேசிக்கொண்டிருந்தேன். அடுக்களைக் கதவுக்குப் பின்னாலிருந்து வத்ஃபா, "மார்ச்ல மழை ஏமாத்துச்சுன்னா அது முழங்கால் கூட வராது. எங்க அப்பா வீட்டுக் கறுப்பைப் போடுங்க" என்றாள். இவ்வளவுதான் சொன்னாள். இதற்கு ஒரு மனிதன், சரிம்மா யோசிக்கலாம் என்று சொல்லியிருக்கலாம். பக்கத்து வயல்காரன் நஹார் இருக்கிறானே, அவன் மீசைக்குள் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "உன் கறுப்பு என் வெள்ளையை ஜெயிச்சா, என் மேல தலாக்!" என்று கத்திவிட்டேன். நம் ஆண்களுக்கு இந்த ஆணை எவ்வளவு லேசாக வாயில் வரும் என்று உங்களுக்கே தெரியும். இன்னொரு கரண்டிச் சோறு வைத்துக்கொள்ளாவிட்டால் தலாக், பஸ் காசை நீ கொடுத்தால் தலாக். அந்த மாதிரி வந்துவிட்டது மைத்துனரே. ஆனால் ஏழெட்டுப் பேர் சாட்சி. எல்லோரும் கப்பைக் கீழே வைத்துவிட்டு வேறு வேலை இருப்பதாகச் சொல்லி எழுந்து போனார்கள்.

வத்ஃபா அழவில்லை, சண்டை போடவில்லை. வழியின் இந்தப் பக்கம் இருபது டூனம் வெள்ளை, அந்தப் பக்கம் இருபது டூனம் கறுப்பு, ஒரே டிராக்டர், ஒரே நாள் என்று நின்று விதைக்க வைத்தாள். பிறகு பையை எடுத்தாள். "எங்கே?" என்றேன். "அறுவடை வரைக்கும் எங்க அண்ணன் வீட்ல இருக்கேன். நான் இந்த வீட்டுக்காரியா இல்லையான்னே தெரியல, நான் எதுக்கு இங்க பாத்திரம் கழுவணும்?" என்றாள். போகாதே என்ற ஒரு சொல் என் வாயில் வரவில்லை. தேவையில்லாதபோது மட்டும் நன்றாக வருகிறது.

ஜனவரியில் நல்ல மழை. வெள்ளை பச்சைப்பசேலென்று அடர்ந்து நின்றது, கறுப்பு அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தரையோடு படுத்துக் கிடந்தது. அதைப் போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்பினேன், அதற்கும் மன்னிக்கவும். கடைக்காரன் சொன்னபடி வெள்ளைக்கு அறுபது தினாருக்கு உரம், இருபத்தைந்து தினாருக்குக் களைக்கொல்லி. கறுப்புக்கும் கொஞ்சம் தூவலாமா என்று நினைத்தபோதுதான், ஏழு மாதத்தில் வத்ஃபாவிடமிருந்து ஒரே ஒரு சேதி பஸ் டிரைவர் வழியாக வந்தது: "கறுப்புக்கு உரம் போடாதீங்க. அது கிடைச்சதை வச்சுக்கிட்டு வளரும், என்னை மாதிரி." பஸ் டிரைவர் இதை முன்சீட்டிலிருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுத்தான் வண்டியை எடுத்தான்.

மார்ச் மாதம் அவள் சொன்னபடியே மழை ஏமாற்றியது. அதன்பிறகு நான் பள்ளிவாசலுக்குக் கடைசி ஆளாகப் போய் முதல் ஆளாக வெளியே வரத் தொடங்கினேன், ஆனாலும் நஹார் வாசலில் பிடித்துக்கொள்வான். "என்ன ஃபாலிஹ், வானம் மூடாம இருக்கே, இன்னைக்கு வத்ஃபா உனக்குப் பொண்டாட்டியா, இல்ல துர்க்கிக்குத் தங்கச்சி மட்டும்தானா?" என்பான். ஊரே என் வயலைப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போனது. வெள்ளையில் பாதிக் கதிர் உறைக்குள்ளேயே மாட்டிக்கொண்டு வெளியே வர மறுத்தது. நான் என்ன செய்வேன், தொண்ணூறு தினார் கொடுத்து மூன்று லாரித் தண்ணீர் வாங்கி வெள்ளைக்குப் பாய்ச்சினேன். மானாவாரிப் பார்லிக்கு விலைத் தண்ணீர் பாய்ச்சிய முதல் ஆள் நான்தான் என்று ஊரில் சொல்கிறார்கள். சொல்லட்டும். நான் பார்லிக்கா பாய்ச்சினேன்? சொந்தப் பெண்டாட்டியின் பயிர் கருக வேண்டும் என்று ஐந்து வேளையும் கையேந்தினேன் மைத்துனரே. கையேந்திவிட்டு வீட்டுக்கு வந்து, நானே வடித்த அடிப்பிடித்த சோற்றைத் தின்றேன்.

இதையும் சொல்ல வேண்டும். ஏப்ரலில் ஒரு மத்தியானம் நஹாரின் ஆட்டு மந்தை வேலி தாண்டிக் கறுப்புக்குள் புகுந்துவிட்டது. யாரும் இல்லை. நான் மட்டும்தான் பார்த்தேன். அரை மணி நேரம் அந்தப் பக்கம் திரும்பாமல் உட்கார்ந்திருந்தால் போதும், என் கவலை அத்தனையும் தீர்ந்திருக்கும். ஆனால் என் கால் கேட்கவில்லை. செருப்பில்லாமல் முள்ளில் ஓடி, கத்திக் கத்தி, ஒவ்வொன்றாக விரட்டி வெளியே தள்ளினேன். முப்பத்து மூன்று வருடமாக அவள் ஒவ்வொரு அறுவடையிலும் கதிர் பொறுக்கி, துணிப்பையில் கட்டிக் காப்பாற்றி வைத்திருக்கிற விதை அது. ஆடு தின்பதை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது? பாதத்தில் இன்னும் ஒரு முள் இருக்கிறது.

போன திங்கட்கிழமை அறுவடை இயந்திரம் வந்தது. இமாம் ஷேக் இத்ரீஸ் முன்னிலையில், நஹார் தராசைப் பிடிக்க, மூட்டை எண்ணினோம். வெள்ளை நாற்பத்தொன்று. கறுப்பு முப்பத்தெட்டு. மூன்று மூட்டை வித்தியாசத்தில் வெள்ளை ஜெயித்தது. நான் ஷேக்கைக் கட்டிப்பிடித்துவிட்டேன். ஆனால் நஹார் விடுவானா? "இருப்பா, செலவைக் கழி. உரம், மருந்து, தண்ணி, எல்லாம் நூத்தி எழுபத்தஞ்சு தினார். மூட்டை பதினஞ்சுன்னா கிட்டத்தட்ட பன்னெண்டு மூட்டை போச்சு. உன் வெள்ளை முப்பது மூட்டை கூடத் தேறாது" என்றான். செலவைப் பற்றி நான் ஆணையிடவில்லை என்றேன். "அப்ப வைக்கோல்?" என்றான். என் பதினாறு ஆடுகளும் வெள்ளை வைக்கோலை முகர்ந்து பார்த்துவிட்டு நேராகக் கறுப்புப் போருக்குப் போய் நின்றுகொண்டன. "ஆடு லஞ்சம் வாங்காது, பாத்துக்கோ" என்றான். ஷேக் தாடியைத் தடவிக்கொண்டு, "நான் சொல்ல மாட்டேன். கரக் டவுன்ல மார்க்கத் தீர்ப்பு சொல்ற முஃப்தியைப் போய்ப் பாரு. நவம்பர்லயே சொன்னேன், கேட்டியா?" என்றார். சொன்னது வாஸ்தவம். முன்பின் தெரியாதவர் முன்னால் போய் நின்று இதைச் சொல்ல வெட்கமாக இருந்ததால் போகவில்லை.

ஆக மொத்தத்தில், என் ஆணை விளைச்சலைப் பற்றியது, விளைச்சல் என்றால் மூட்டை, மூட்டை என்றால் நாற்பத்தொன்றுக்கு முப்பத்தெட்டு. எனவே வத்ஃபா எந்தச் சந்தேகமும் இல்லாமல் என் மனைவி என்பதையும், அவளை வியாழக்கிழமை பஸ்ஸில் அனுப்பிவைக்க வேண்டும் என்பதையும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். தாங்களும் அடுத்த வருடம் வெள்ளையே விதைக்கலாம்.

தங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு என் சலாமும், பிள்ளைகளுக்கு என் முத்தங்களும், தங்கள் ஆடுகளுக்கு இரட்டைக் குட்டிகளும் உண்டாகட்டும். இத்துடன் ஒரு டின் நெய் அனுப்பியுள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் கணவன்,
ஃபாலிஹ்

பி.கு.: மேலே எழுதியதை உறையில் போட்டு ஒட்டி, பஸ் டிரைவர் கையில் கொடுத்துவிட்டு, அவன் வண்டியை எடுக்கும்போது திரும்ப வாங்கிக்கொண்டேன். அந்த நாற்பத்தொரு மூட்டையில் நான்கு, கறுப்புக் குவியலிலிருந்து நான் ரொப்பியது. எண்ணுவதற்கு முன்னால், ஷேக் தொழவும் நஹார் டீ போடவும் போனபோது செய்தேன். உண்மையான கணக்கு, வெள்ளை முப்பத்தேழு, கறுப்பு நாற்பத்திரண்டு. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு பூட்ஸ் மாற்றாதவன், நான்கு மூட்டை மாற்றினேன். அவளை அப்படிக் கூட்டிவந்து அவள் முகத்தைப் பார்த்து எப்படிச் சோறு தின்பது? அதே பஸ்ஸில் ஏறி கரக் போய் முஃப்தியிடம் உள்ளது உள்ளபடி சொன்னேன். "சொல்லும்போது அவங்களைப் பிரியணும்னு நினைச்சீங்களா?" என்று கேட்டார். "இல்லை ஐயா, நஹார் சிரிக்கக் கூடாதுன்னு நினைச்சேன்" என்றேன். பத்து ஏழைகளுக்குச் சாப்பாடு போடுங்கள், நாக்கைக் கட்டி வையுங்கள், தலாக் ஒன்றும் ஆகவில்லை என்றார். பதிவேட்டைத் திருப்பிய எழுத்தர்தான் நிமிர்ந்து பார்த்து, "பார்லி மேல ஆணை போட்டது நீங்கதானா? உங்க வீட்டம்மா டிசம்பர்லயே வந்து கேட்டுட்டுப் போய்ட்டாங்களே. இதே பதில்தான் சொன்னோம்" என்றார்.

மைத்துனரே, டிசம்பரிலிருந்து அவளுக்குத் தெரியும். கறுப்பு ஜெயித்தாலும் தோற்றாலும் அவள் என் மனைவிதான் என்று தெரிந்துகொண்டேதான் ஆறு மாதம் அங்கே இருந்திருக்கிறாள். அவள் காத்திருந்தது பார்லிக்காக இல்லை. நான் ஒருதடவை நேரில் வந்து, தப்பு என்னுடையது என்று சொல்வேனா என்று பார்த்திருக்கிறாள். நானோ தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தேன்.

ஆகவே அவளை அனுப்ப வேண்டாம். வியாழக்கிழமை நானே வருகிறேன். வெள்ளை விதைக்காதீர்கள், இங்கே நாற்பது டூனத்துக்கும் கறுப்பு விதை எடுத்துக் கட்டி வைத்துவிட்டேன். காபி கொடுப்பீர்கள், பெண் கேட்டு அன்றைக்கு வந்தபோது செய்த மாதிரியே கப்பைத் தரையில் வைத்துவிட்டு, அவள் சரி என்று சொல்லும் வரை தொடமாட்டேன். மாட்டேன் என்று அவள் சொன்னால், குடிக்காமலே எழுந்து வந்துவிடுகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். அன்றைக்கு வேறு விருந்தாளிகள் யாரையும் கூப்பிட்டுவிடாதீர்கள். நாலு பேர் முன்னால் எனக்குப் பேசத் தெரியாது.