ஜூன் முப்பத்தொன்று

எட்டாவது நாளாகவும் காலை பத்து மணிக்கு போன் அடிக்கவில்லை. சப்-எடிட்டர் ரிசீவரை எடுத்து, லைன் வேலை செய்கிறதா என்று பார்த்தார்.

நாளிதழில் 'இதே நாளில்' பகுதி அவர் பொறுப்பு. அந்தத் தேதியில் நடந்தவை, பிறந்தவர்கள், மறைந்தவர்கள் என்று தினமும் பத்து வரி. ஆறு வருடமாக ஒருவர் தவறாமல் கூப்பிடுவார். பெயர் சொன்னதில்லை, அலுவலகத்தில் அவர் 'திருத்தக்காரர்'.

"பொறந்தவங்க எல்லாம் சரி தம்பி. போய்ச் சேர்ந்தவங்களும் சரி. அந்தக் கப்பல் மட்டும் ஒரு நாள் முன்னாடியே கரைக்கு வந்துடுச்சு" என்பார்.

புரட்டிப் பார்த்தால் அவர் சொன்னதே சரியாக இருக்கும். தப்பே இல்லாத நாளிலும் கூப்பிட்டு, "இன்னிக்கு சுத்தம்" என்பார். அந்த ஒரு வார்த்தைக்காகவே சப்-எடிட்டர் மூன்று புத்தகங்களை ஒப்பிட்டு எழுதுவார். மனிதனுக்கு இப்படியும் ஒரு மூளை உண்டா என்று வீட்டில் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார்.

திருத்தக்காரருக்கு என்ன ஆயிற்றோ? வரவழைக்க ஒரு வழிதான் தோன்றியது. மறுநாள், ஒரு பாலத்தின் திறப்பு விழாவை வேண்டுமென்றே பத்து வருடம் தள்ளிப் போட்டார். போன் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த நாள், ஒரு கணித மேதையைப் பிறப்பதற்கு நான்கு வருடம் முன்பே சாகடித்தார். போன் அடித்தது. ஒரு பள்ளிக்கூட டீச்சர். அவரைத் தொடர்ந்து அந்த வகுப்பு முழுவதும்.

அதற்கும் மறுநாள், துணிந்து, 'ஜூன் 31' என்று தலைப்புப் போட்டார். ஊரே கூப்பிட்டது. மகளுக்கு ஒன்றாம் தேதி தேர்வாம், ஒரு நாள் தள்ளிப்போகிறதா என்று ஒருவர் கேட்டார். எடிட்டரின் அம்மாகூடக் கூப்பிட்டுவிட்டார். வரவேண்டிய குரல் மட்டும் வரவில்லை.

எடிட்டர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. நாளைக்குள் விளக்கம் வராவிட்டால் பகுதி கைமாறிவிடும் என்று மெதுவாகச் சொன்னார்.

டெலிபோன் ஆபரேட்டரிடம் எண்ணை வாங்கி, சந்தா பட்டியலில் முகவரியைத் தேடிப் பிடித்து, சப்-எடிட்டர் மாலையே அந்த வீட்டு மாடிப்படி ஏறினார். கையில் செய்தித்தாளோடு ஓர் அம்மா கதவைத் திறந்தார். உள்ளே ஜன்னலோரம், கல்லுக்குண்டு மாதிரி ஒருவர் உட்கார்ந்திருந்தார். வந்தவர் யாரென்று தெரிந்ததும் எழுந்து, "வாங்க தம்பி" என்றார். அதே குரல்.

சப்-எடிட்டருக்குக் கண் கலங்கிவிட்டது. பாலம், மேதை, ஜூன் என்று எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார். "உங்க அறிவுக்கு முன்னாடி நான் எம்மாத்திரம்யா? ஏன் கூப்பிடலை?"

அவர் மனைவியை ஓரக்கண்ணால் பார்த்தார்.

அந்த அம்மா செய்தித்தாளை மடித்தார். "தப்பைப் புடிக்கிறது நான் தம்பி, போன்ல ஒப்பிக்கிறது மட்டும்தான் அவரு. எங்க கல்யாண நாளை மறந்துட்டாரு, பதினோரு நாளா நாங்க பேசிக்கிறதில்ல."