என்ட்யூர் என்ற சொல்லால் வந்த வினை

மதிப்பிற்குரிய அக்காவுக்குத் தம்பி பணிவுடன் எழுதுவது. இங்கு அனைவரும் நலம் என்று தொடங்குவதுதான் முறை. அனைவரும் என்றால் நாங்கள் இரண்டு பேர். அதில் ஒருத்தி பதினோரு நாளாக என்னோடு பேசவில்லை.

எல்லாம் அந்த இங்கிலீஷ் வகுப்பால் வந்தது. ஓய்வு பெற்றவர்களுக்கு நூலக மாடியில் இலவசமாகச் சொல்லித்தருகிறார்கள் என்று என் வீட்டுக்காரிதான் இழுத்துப்போனாள். அன்றைய பாடம் 'என்ட்யூர்'. அது 'கடினம்' என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது, முதலில் கெட்டிப்படுத்துவதைக் குறித்து, பிறகே பொறுத்துக்கொள்வது என்றானது என்றெல்லாம் வாத்தியாரம்மா விளக்கிவிட்டு, "சார், நீங்க ஒரு வாக்கியம் சொல்லுங்க" என்று என்னைப் பார்த்தார். முப்பது வருடம் அலுவலகத்தில் கடிதம் எழுதியவனுக்கு வாக்கியத்துக்கா பஞ்சம்? 'முப்பத்து நான்கு வருடமாக என் மனைவியை என்ட்யூர் செய்கிறேன்' என்று இங்கிலீஷில் சொன்னேன். வகுப்பே சிரித்தது, பக்கத்து நாற்காலிக்காரி மட்டும் சிரிக்கவில்லை. "எனக்கு ஒரு வேலை இருக்கு, நீங்க வீட்டுக்குப் போங்க" என்று கரகரத்த குரலில் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். மாலை திரும்பியவள் இன்றுவரை வாயைத் திறக்கவில்லை. சமைக்கிறாள், தட்டை வைக்கிறாள், கண்ணாடி எங்கே என்றால் என் நெற்றியைக் காட்டுகிறாள். பாத்திரம் கழுவும்போது பின்னால் நின்று கால் மணி நேரம் மன்னிப்புக் கேட்டேன். குழாயை மூடிவிட்டுத் திரும்பி, என்ன என்பதுபோல் புருவத்தைத் தூக்கினாள், அவ்வளவும் தண்ணீரோடு போச்சு. சரி, ஒத்தாசையாவது செய்வோமென்று துணி துவைக்கும் மெஷினைப் போட்டேன், என் வெள்ளைச் சட்டை அஞ்சும் நீலமா வெளியே வந்துச்சு. அதுல ஒண்ணை மாட்டிக்கிட்டு நின்னேன் பாரு, அவ சுவர்ப் பக்கம் திரும்பிக்கிட்டா, தோள் குலுங்குச்சு, அழுதாளா சிரிச்சாளான்னு சத்தியமாத் தெரியலை. அக்கா, அவ கத்தினாக்கூடப் பரவாயில்லை, இந்த வீட்ல இப்ப கடிகாரச் சத்தம் கேக்குது, இத்தனை வருஷத்துல நான் அதைக் கேட்டதே இல்லை. நீ ரெண்டு வார்த்தை சொல்லு, உன் பேச்சைத்தான் கேப்பா.

அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி.

இப்படிக்கு,
பேச்சுத் துணையில்லாத உன் தம்பி

பின்குறிப்பு: அண்ணி, இது நான். ஒட்டித் தபாலில் போடச் சொல்லி என்னிடம்தான் கொடுத்தார். எனக்குக் கோபமெல்லாம் இல்லை. அன்று நான் போனது மருத்துவமனைக்கு. தொண்டைக்குள் ஒரு கட்டி. கொஞ்சம் வெட்டியெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள், பேசக் கூடாதாம். அடுத்த வெள்ளிக்கிழமை முடிவு தெரியும். அதுவரை நான் கோபமாக இருக்கிறேன் என்றே அவர் நினைத்துக்கொண்டிருக்கட்டும், சொல்லிவிடாதீர்கள். நீங்கள் மட்டும் வியாழனே வந்துவிடுங்கள்.