பேய்ப்படம் இரண்டாம் தடவை பார்த்த மாப்பிள்ளை

தாராவி, பம்பாய்
11.7.1987

மதிப்பும் மரியாதையும் நிறைந்த அத்தான் அய்யாத்துரை அவர்கள் சமூகத்துக்கு, உங்கள் மைத்துனன் வெயிலுமுத்து இரு கை கூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும் முப்பிடாதியும் மழைக்கு ஒழுகாத மூலையில் சுகம். அங்கே தாங்களும் அக்காவும் மருமகள் செண்பகவல்லியும் எந்தக் குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நிற்க. மாட்டுங்கா லேபர் கேம்பில் இருக்கும் நம்பிராஜன் என்ற பையன் நம் செண்பகவல்லிக்குச் சரிப்படுவானா என்று விசாரித்து எழுதச் சொல்லியிருந்தீர்கள். ஆவணிக்குள் பதில் வேண்டும் என்று பையன் வீட்டில் அவசரப்படுத்துவதாகவும் எழுதியிருந்தீர்கள். அத்தான், மற்றவர்கள் மாதிரி நான் பக்கத்து வீட்டில் விசாரித்துவிட்டு வருகிற ஆள் இல்லை. பக்கத்து வீட்டுக்காரன் என்றைக்கு உண்மை சொன்னான்? ஒருவனின் குணம் தெரிய வேண்டுமானால் அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு பேய்ப்படத்தை இரண்டு தடவை பார்க்க வேண்டும். இந்த ஊரில் வீடியோ வந்த நாளிலிருந்து நான் கண்டுபிடித்து வைத்திருக்கும் உண்மை இது. முதல் தடவை யாரும் பயப்படலாம், அதில் ஒன்றும் தெரியாது. என்ன வரப்போகிறது என்று தெரிந்த பிறகு ஒருவன் எப்படி உட்கார்ந்திருக்கிறான் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இதை முப்பிடாதியிடம் சொன்னதற்கு, “புள்ளைக்கு மாப்பிள்ள பாக்கச் சொன்னா பேய் பாக்கப் போறியளாக்கும்? நல்ல மாமன்தான்” என்றாள். அவளுக்குச் சினிமா ஞானம் கிடையாது. நீங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பையனை வரச்சொல்லி ஆள் அனுப்பினேன். வந்தான். செம்பூரில் ஒரு கம்பெனியில் பிட்டர் வேலை. வெள்ளைச் சட்டை, நல்ல உயரம், “வணக்கம் அண்ணாச்சி” என்றான். அதுவரைக்கும் குறையில்லை. எங்கள் சந்து முனையில் கரீம் பாட்சா என்று ஒருவர், ஏர்வாடிக்காரர், வீடியோ போடுகிறார். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, உட்கார பெஞ்சு, நடுவில் ஒரு கலர் டி.வி. மத்தியான ஆட்டத்துக்குப் போனோம். பாழடைந்த பங்களாவும் கிணறும் உள்ள படம். நான் ஏற்கெனவே பலமுறை பார்த்தது. இந்தப் படங்களில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு அத்தான். பேய் என்றால் எப்போதும் பெரிய பங்களாவில்தான் இருக்கிறது. எங்கள் தாராவிக்கு ஏன் வருவதில்லை? வந்தால் நிற்க இடம் வேண்டுமே! கோலி என்கிற ஒற்றை அறையில் எட்டுப் பேர் ஒட்டிப் படுத்திருக்கும்போது அது எந்த மூலையில் நின்று சிரிக்கும்? வந்தாலும் அதையும் குழாயடியில் வரிசையில் நில் என்று சொல்லிவிடுவார்கள். இந்த உண்மையெல்லாம் முதல் தடவை பார்க்கிறவனுக்குப் புலப்படாது. இரண்டாம் தடவையில்தான் அந்தப் பேயின் உழைப்பு தெரியும். மழையில் நனைகிறது, மரத்தில் தொங்குகிறது, அத்தனை பெரிய கேட்டைத் தனியாகத் திறக்கிறது. கதாநாயகன் என்ன செய்கிறான்? குதிரை வண்டியில் வந்து இறங்குகிறான், அவ்வளவுதான்.

கிணற்றிலிருந்து கை வந்தது. பையன் அசையவில்லை. நான் காட்சி சரியாகத் தெரியவில்லையே என்று சற்று வேகமாக எழுந்தேன். நான் எழுந்ததில் பெஞ்சு சாய்ந்து எங்கள் வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் தரையில் கிடந்தார்கள். நான் “யாத்தே” என்று கத்தியதாக கரீம் பாட்சா தெருவெல்லாம் சொல்லித் திரிகிறார். அது பெஞ்சு விழுந்த சத்தம். உங்களுக்கு வேறு யாராவது எழுதினால் நம்ப வேண்டாம். பையன் என்னைத் தூக்கி உட்காரவைத்து, வேட்டியிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டான். சம்பளம் கேட்கச் சொல்லியிருந்தீர்கள், ஞாபகம் இருந்தது. இடைவேளையில் கேட்கலாம் என்றிருந்தேன். கேசட்டில் இடைவேளை கிடையாது.

அடுத்த ஞாயிறு அதே படத்துக்கு மறுபடியும் கூட்டிப் போனேன். இதுதான் பரீட்சை. ஆரம்பத்திலேயே, “பாத்த படம்தானே அண்ணாச்சி, கத தெரிஞ்சு போச்சே” என்றான். அப்போதே எனக்குப் பாதி மனது விட்டுப்போயிற்று. சகித்துக்கொண்டேன். பங்களாவில் பீரோ திறக்கிற இடம் வந்தது. படத்திலேயே உயர்ந்த கட்டம் அதுதான். முதலில் சத்தமே இருக்காது, பிறகு கீல் மட்டும் லேசாகக் கிறீச்சிடும். அந்த நேரம் பார்த்து இந்தப் பையன் தன் உள்ளங்கையை என் கண்ணுக்கு முன்னால் நீட்டி, “அண்ணாச்சி, இப்ப பீரோ தொறக்கும். கண்ண மூடிக்கிடுங்க. அது போனதும் நான் சொல்லுதேன்” என்றான்! யாரிடம்? என்னிடம்! அந்த அறையில் இருந்த அத்தனை பேர் காதிலும் விழும்படி! பின்னால் ஒரு பொடிப்பயல், “அரே, அங்கிள் கோ பானி பிலாவ்!” என்று இந்தியில் சொல்ல, கரீம் பாட்சா நிஜமாகவே ஒரு டம்ளர் தண்ணீரோடு வந்துவிட்டார். நான் குடித்தேன். தாகமாக இருந்தது, வேறு காரணம் இல்லை.

வெளியே வந்து டீ குடிக்கும்போது கடைசியாக ஒரு கேள்வி கேட்டுப் பார்த்தேன். “ஏம்பா, நாளைக்கு என் மருமவள இப்படி ஒரு படத்துக்குக் கூட்டிட்டுப் போற, பாதியில அவ பயந்துட்டா, என்ன செய்வ?”

அவன் யோசிக்கவே இல்லை. “வெளிய கூட்டிட்டு வந்துருவேன் அண்ணாச்சி. கடல்கரைக்குப் போயி சுண்டல் தின்னுட்டு வீட்டுக்குப் போயிருவோம்.”

பாதிப் படத்தில் எழுந்து வருவானாம் அத்தான்! சுண்டலுக்காக!

விண்வெளி சீரியலைப் பற்றியும் பேசிப் பார்த்தேன். ஞாயிறு காலையில் டி.வி.யில் போடுகிறார்கள், இந்தியில். ராக்கெட்டின் சுவர் முழுக்க முட்டை அட்டை, கதவு நம் ஊர் பாத்ரூம் கதவு, ராக்கெட் கேப்டன் தலையில் இருப்பது பெயிண்ட் அடித்த குண்டான். முப்பிடாதி சிரிப்பாள். நான் சிரிப்பதில்லை. நட்சத்திரத்திலிருந்து ஒரு பச்சை ஆள் வந்து இறங்குகிறான். பாஷை தெரியாது, யாரையும் தெரியாது, எல்லாரும் உற்றுப் பார்க்கிறார்கள், எங்கே போவது என்று தெரியாமல் பெட்டியோடு நிற்கிறான். தாதர் ஸ்டேஷனில் நான் வந்து இறங்கியது அப்படித்தானே! எத்தனை தடவை பார்த்தாலும் அந்த இடத்தில் நான் டி.வி.க்குப் பக்கத்தில் நகர்ந்து உட்காருவேன். இதைச் சொன்னேன். பையன், “ஞாயித்துக்கெழம காலையில ஓவர்டைம் பாப்பேன் அண்ணாச்சி, அதெல்லாம் பாத்ததில்ல” என்றான்.

ஆகவே என் தீர்மானமான அபிப்பிராயம்: இந்த இடம் வேண்டாம். கதையை முன்கூட்டிச் சொல்கிறவன், பாதியில் எழுந்து போகிறவன், பார்த்ததை மறுபடி பார்க்கத் தெரியாதவன். நம் செண்பகவல்லி ஆயுசுக்கும் ஒரே முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியவள். அதில் தினமும் புதிதாக ஏதாவது பார்க்கத் தெரிந்த மாப்பிள்ளையாக நானே தேடித் தருகிறேன். மனதைத் தளரவிட வேண்டாம். அக்காவுக்கு என் நமஸ்காரம். மருமகள் நூறு வருஷம் மஞ்சள் குங்குமத்தோடு வாழ என் ஆசீர்வாதம். இப்படிக்கு, தங்கள் சொல்லைத் தட்டாத மைத்துனன்,

வெயிலுமுத்து

பி.கு.: ஞாயிறு காலை எழுதுகிறேன். கடிதத்தை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தேன். சீரியலில் அந்தப் பச்சை ஆள் வந்து இறங்குகிற வாரத்தை இன்று மறுபடியும் போடுவதாக அறிவித்திருந்தார்கள். சரியாக அந்த நேரத்தில் காற்று அடித்து ஆன்டெனா திரும்பி, டி.வி.யில் வெறும் புள்ளி. நான் பெட்டியைத் தட்டிக்கொண்டிருக்கிறேன், நம்பிராஜன் வாசலில் வந்து நிற்கிறான். இன்றைக்கு ஓவர்டைம் இல்லையாம், அவன் அம்மா பதில் கேட்டு வரச் சொன்னாளாம். என் முகத்தைப் பார்த்தான். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஏணியில் ஏறி, கொட்டுகிற மழையில் தகரக் கூரையின்மேல் நின்று ஆன்டெனாவைப் பிடித்துக்கொண்டான். “இப்ப தெரியுதா அண்ணாச்சி?” என்றான். “தெரியுது, அசையாத!” என்றேன். அசையவில்லை அத்தான். அந்த ஆள் இறங்கி, பெட்டியோடு நின்று, ஒரு கிழவி அவனுக்குத் தண்ணீர் கொடுக்கும் வரைக்கும், முடிந்து பெயரெல்லாம் ஓடும் வரைக்கும் அசையவில்லை. “எறங்கச் சொல்லுங்க, சளி புடிச்சிரும்” என்று முப்பிடாதி கத்தினாள். அவன்தான் மேலேயிருந்து, “முடியட்டும் மதினி” என்றான்.

ஆகவே மேலே எழுதியிருப்பதை எல்லாம் அடித்துவிட்டு வாசிக்கவும். மாப்பிள்ளை இவன்தான். நாள் பார்த்துவிட்டு உடனே ரயில் ஏறுங்கள். இப்போது கீழே உட்கார்ந்து தலை துவட்டிக்கொண்டே, அந்த ஆளுக்கு இருக்க இடம் கிடைத்ததா என்று கேட்கிறான். நான் சொல்லவில்லை. அவனே பார்க்கட்டும். அடுத்த முறை போடும்போது அவனை டி.வி. முன்னால் உட்காரவைத்துவிட்டு நான் தகரத்தில் ஏறுவதாக இருக்கிறேன்.