ஈசானி மூலையில் ஒரு மீன் தொட்டி

எங்கே மானம் போகிறதோ, அங்கிருந்து அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவது என் பழக்கம். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டது அப்படித்தான். பிறகு திருப்பூரில் பனியன் கம்பெனி, ஆந்திராவில் போர்வெல் லாரி, பெங்களூரில் மீன் கடை. (குழம்பு மீன் இல்லை, கண்ணாடித் தொட்டி மீன்.) பட்டினியாகப் படுத்த நாட்களும் உண்டு. அதில் சொல்ல ஒன்றுமில்லை. சொல்ல வேண்டியது, பாலக்கோட்டில் என் அக்கா வீட்டில் நான் வைத்த மீன் தொட்டியைப் பற்றித்தான்.

மச்சானுக்குத் தக்காளி மண்டி. புது வீடு கட்டியதும் ஹாலில் நாலடி நீளத்துக்கு ஒரு மீன் தொட்டி வேண்டும் என்று ஆசைப்பட்டார். தொட்டி வந்துவிட்டது, அதை வைத்துத் தர வேண்டிய ஆள் வரவில்லை. அந்த நேரம் பார்த்து நான் ஒரு ரெக்சின் பையோடு போய் நின்றேன்.

"வெளியாளு எதுக்குங்க? என் தம்பி பெங்களூர்ல இதே வேலைதான் பாத்தான்" என்றாள் அக்கா, தன் மாமனார் காதில் விழும்படி. அவர் என்னை ஊர்சுற்றி என்று முடிவு கட்டியிருந்தார். அந்த முடிவை இந்தத் தொட்டியை வைத்து மாற்றிவிடலாம் என்பது அவள் கணக்கு. (பெங்களூரில் நான் மூன்று மாதம் செய்தது, தொட்டிகளுக்கு அடியில் தரை துடைத்தது மட்டும். அதை அவளிடம் நான் சொல்லவில்லை.)

துடைக்கும்போது ஒன்றைக் கவனித்திருந்தேன். தொட்டி மட்டமாக உட்கார வேண்டும். தண்ணீர் நிரம்பினால் கால் டன்னுக்கு மேல் கனம், கோணினால் கண்ணாடி தாங்காது. கொத்தனாரிடம் ரசமட்டத்தை இரவல் வாங்கி, வாசலை ஒட்டிய வடகிழக்கு மூலையில் நின்ற இரும்பு ஸ்டாண்டின் மேல் வைத்துப் பார்த்தேன். குமிழி நடுவில் நிற்காமல் ஓரத்துக்கு ஓடியது.

"ஈசானிப் பக்கம் தரை எறங்கியிருக்குதுங்க. அந்தப் பக்கத்துக் காலுக்கு அடியில பலகை குடுத்துத் தூக்கணும்" என்றேன்.

மாமனார் எழுந்தே வந்துவிட்டார். "ஏம்ப்பா, ஈசானி பள்ளமா இருக்கணும்னு நாந்தான் வாட்டம் போடச் சொன்னேன். தண்ணியும் ஈசானியில இருக்கணும்னு தொட்டிய அங்க வெக்கச் சொன்னதும் நாந்தான். நீ வந்து ஈசானியத் தூக்கறேங்கறியே, வூடு வெளங்குமா?"

தூக்காவிட்டால் உடையும் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவருக்குப் பின்னால் நின்ற அக்கா, எதிர்த்துப் பேசாதே என்று கண்ணாலேயே கெஞ்சினாள். "சரிங்க" என்றேன்.

அவர் டீ குடிக்கப் போன சமயத்தில், சுவரோரமாகக் கண்ணுக்குத் தெரியாத ஒரே ஒரு காலுக்கு அடியில் டைல்ஸ் துண்டு ஒன்றைச் செருகினேன். பெரியவர் மனமும் கோணாது, தொட்டியும் கோணாது என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். (ஒரு காலை மட்டும் தூக்கினால் கட்டிலே முறுக்கிக்கொள்ளும். கட்டிலில் படுத்துப் பழக்கமில்லாதவனுக்கு அது எப்படித் தெரியும்?) தண்ணீர் நிரப்பிப் பார்த்தால், மேல் விளிம்புக்கும் தண்ணீருக்கும் ஒரு பக்கம் ஒரு விரல் வித்தியாசம். அது தெரியாமலிருக்கச் சுற்றிலும் அகலமாகக் கறுப்பு டேப் ஒட்டினேன். பதினாறு மீன்களை விட்டோம். எல்லோரும் மீனைப் பார்த்தார்கள். அக்கா மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மச்சானின் சொந்தக்காரர்கள் விருந்துக்கு வந்தார்கள். ஹாலில் பந்தி. "தொட்டி வெச்சது நம்ம செல்வியோட தம்பிதான்" என்று மாமனார் வாயாலேயே வந்தது. அக்காவின் கையிலிருந்த கரண்டி ஒரு கணம் நின்றது. அப்போது 'டக்' என்று ஒரு சத்தம்.

அடிக் கண்ணாடி குறுக்கே விரிசல் விட்டிருந்தது. இலைகள் சோற்றோடும் பொரியலோடும் வாசலை நோக்கிக் கிளம்பின. விருந்தாளிகள் வேட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்கள். மீன்களைக் குக்கரிலும் இட்லிப் பானையிலும், பாலிதீன் விரித்த தக்காளி கிரேட்டிலும் அள்ளிப் போட்டோம். "சாம்பார் வாளியில போடாதீங்கடா!" என்று மச்சான் கத்தினார். பதினாறாவது மீனை வாசற்படியில் அவரே பிடித்தார்.

கால் மணி நேரத்தில் ஹாலில் தண்ணீரே இல்லை. மாமனார் இடுப்பில் கை வைத்து நின்றார். "பாத்தீங்களா? ஈசானி பள்ளமா இருந்ததால அத்தனையும் வாசலுக்குப் போயிருச்சு. மட்டமா போட்டிருந்தா வூடே ஏரி!"

ஸ்டாண்டை நகர்த்தியபோது டைல்ஸ் துண்டு கிடந்தது. எனக்கு முன்னால் அக்கா பார்த்துவிட்டாள். குனிந்து எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு தரையைத் துடைத்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பையை எடுக்கப் போனேன். பை காலி. மாடியில் என் லுங்கி, சட்டை, பேண்ட் எல்லாம் சொட்டச் சொட்டக் கொடியில் தொங்கின.

"தரை தொடைக்கத் துணி பத்தலடா. உன்னுதுதான் கைக்குச் சிக்குச்சு" என்றாள் அக்கா. "காயட்டும். அப்பறம் எங்க போறியோ போ."

சித்திரை மாதம். எங்கள் பக்கத்து வெயிலில் லுங்கி காய அரைமணி போதும். சாயங்காலம் தொட்டுப் பார்த்தேன், ஈரம். மறுநாளும் ஈரம். மச்சானின் பழைய வேட்டியோடு திரிந்தேன். மூன்றாம் நாள் மத்தியானம் மாடிப்படி ஏறியவன் பாதியிலேயே நின்றுவிட்டேன். மொடமொடவென்று காய்ந்த என் சட்டையை அக்கா வாளியில் முக்கி, பிழிந்து, உதறி, மறுபடி கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

சத்தமில்லாமல் இறங்கி நேராக மாமனாரிடம் போனேன். "ஒரு காலுக்கு அடியில டைல்ஸ் வெச்சது நாந்தாங்க."

"ஈசானியத் தூக்குனியா?"

"ஒரு காலத்தாங்க."

"அதான் ஒடஞ்சிருக்குது" என்றார். (காரணம் வேறு. ஆனால் சொன்னது சரி.)

படியில் வாளியோடு நின்ற அக்கா மெதுவாகக் கேட்டாள்: "ஏங்க மாமா, ஈசானியத் தூக்காம மத்தக் காலுங்கள அறுத்துட்டா?"

அவர் எழுந்து போய் ஸ்டாண்டின் கால்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். "அறுக்கலாம். அறுக்கக் கூடாதுன்னு வாஸ்துல இல்ல."

மூன்று கால்களை அளந்து அறுத்தோம். குமிழி நடுவில் வந்து நின்றது. புதுத் தொட்டி இன்றும் அதே மூலையில் இருக்கிறது. கால் அறுத்த வெல்டிங் பட்டறையிலேயே எனக்கு வேலையும் கிடைத்தது. வேறெங்கும் இத்தனை நாள் நான் இருந்ததில்லை.

இப்போதும் இரண்டு நாள் வெளியூர் போக நான் பையைத் தூக்கினால் போதும், "ஏம்ப்பா, துணியெல்லாம் காஞ்சிருச்சா?" என்பார் மாமனார். வீடே சிரிக்கும். அக்கா மட்டும் சிரிக்காமல் வந்து, என் சட்டைக் காலரைத் தொட்டுப் பார்த்துச் சொல்வாள்:

"இன்னும் ஈரமாத்தாங்க மாமா இருக்குது."