காத்துறிஞ்சி மாமாவின் பம்பு

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் அட்டைகள் ரத்தத்தை உறிஞ்சும். காத்துறிஞ்சி மாமா காற்றை உறிஞ்சுவார். மரக்கட்டைக்குள் இருக்கும் காற்றை வெளியே எடுப்பதையே பிறவிப் பயனாக வைத்திருந்த இன்னொரு மனிதர் ஹட்டன் பக்கம் மட்டுமல்ல, எங்குமே இருக்க முடியாது.

டவுனில் ஃபிரிட்ஜ் திருத்துவது அவர் வேலை. அந்த வேலைக்கான வாக்குவம் பம்பைக் குசினிக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் வைத்திருந்தார். இத்துப்போன கட்டையைக் கண்ணாடி மூடி போட்ட சட்டியில், பிசின் திரவத்துக்குள் அமிழ்த்திப் பம்பைப் போடுவார். காற்று குமிழி குமிழியாக வெளியேற, அந்த இடத்தில் பிசின் புகும். பிறகு சூடாக்கினால் கட்டை கல்லாகிவிடும். மாமாவுக்கோ குமிழிகள்தான் முக்கியம். வெளியே மூடுபனி இறங்க, மூடிமேல் கன்னத்தை வைத்து அவற்றையே பார்த்துக்கொண்டிருப்பார். கூப்பிட்டால் காது கேட்காது.

பம்புக்கு ஈரம் ஆகாது. ஈரம் ஏறினால் எண்ணெய் வெளுத்து, இழுக்கும் சக்தி போய்விடும். மூடுபனியிலேயே குடியிருக்கும் ஊரில் இப்படியொரு பிராணியை வளர்த்தால் என்ன செய்வது? எண்ணெய் மாற்றியே ஓய்ந்துபோனார். ஒருநாள் அதற்குக் குளிருமே என்று, அவர் மனைவி, எங்கள் அத்தை, கொழுந்தெடுக்க மலைக்குப் போட்டுப் போகும் கம்பளியைப் போர்த்திவிட்டார். மழையில் நனைந்து வந்த கம்பளி. பம்பு சூடேற, கம்பளி ஆவி விட, எண்ணெய் மோராகிவிட்டது.

"சளி புடிச்சது எனக்கு. கம்பளி அதுக்காங்க?" என்றார் அத்தை.

"அதுக்குச் சொல்லத் தெரியாதே புள்ள."

அத்தை வேலையை விட்டு நிற்கப்போகும் சமயம், அவர் கொழுந்தெடுத்த மலையில் பழைய தேயிலைச் செடிகளைப் பிடுங்கினார்கள். தன் நிரையிலிருந்து ஒரு செடியின் தூர்க்கட்டையைச் சுமந்துவந்தார். முழங்கால் வலிக்கு ஊன்றத் தடி வேண்டும், அதற்கு இந்தக் கட்டையில்தான் பிடி வேண்டும் என்றார். மாமாவிடம் அவர் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான். தூரோ உள்ளே இத்துப்போயிருந்தது. மற்றச் செடிகள் அதற்குள் விறகாகிவிட்டன.

மாமா அதை அடுப்புக்கு மேலே காயவைத்து, சட்டியில் பிசினுக்குள் அமிழ்த்தி, பம்புக்குப் புது எண்ணெய் ஊற்றிப் போட்டார். பாதியில் கரண்ட் போனது. பம்பு எண்ணெய் சட்டிக்குள் ஏறிக் கட்டையைக் கெடுத்துவிடாமல் பாய்ந்து வால்வை மூடினார். அப்படியும் சட்டிக்குள் காற்று புகுவதைக் காட்டி மீட்டர் முள் இறங்கியது. மூடிக்கு அடியிலிருந்த ரப்பர் இரண்டு இடத்தில் வெடித்திருந்தது. ஓர் இடத்தில் விரலை வைத்து அழுத்திக்கொண்டு அத்தையைக் கத்திக் கூப்பிட்டார்.

அவர்கள் வீட்டிலும் கரண்ட் இல்லையா என்று பார்க்கப் போன நான் கொட்டகையை எட்டிப் பார்த்தேன். ஆளுக்கொரு பக்கம் வெடிப்பை விரலால் அடைத்தபடி, மூடிமேல் தலையோடு தலை வைத்திருந்தார்கள். கட்டையிலிருந்து குமிழிகள் மெதுவாக மேலே வந்தன.

"இம்புட்டுக் காத்தாங்க என் செடிக்குள்ள?"

"நீ மலையேறி விட்ட மூச்சு புள்ள. வேற எங்க போகும்?"

அத்தை சிரித்தார். அவர் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை.

பிடி அருமையாக அமைந்தது. ஆனால் மாமாவை எனக்கு இவ்வளவு பிடிப்பதற்குக் காரணம் அதுவல்ல. அன்று கொட்டகையில், கரண்ட் வந்துவிட்டது என்று நான் சொன்னபோது, "தெரியும்ப்பா, நீ போ" என்றவர், அத்தை பக்கத்திலிருந்து பம்பைப் போட எழுந்திருக்கவே இல்லை.